சராசரி: ஆணுறுப்பின் அளவைப் பற்றிப் பேசும்போது வரும் சொல்

ஆணுறுப்பின் நீளம் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே வந்துவிடும் சொல் 'சராசரி'. பலர் அதைத் தேர்ச்சி மதிப்பெண் போல எடுத்துக்கொள்கிறார்கள்: எட்டினால் பாஸ், எட்டாவிட்டால் குறை. வேரைப் பார்த்தால் இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது.

பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை. 'சராசர்' என்றால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, முழுக்க. அதிலிருந்து பிறந்த 'சராசரி' உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. நம் 'சரி'யோடும், அசைவன அசையாதன எல்லாவற்றையும் குறிக்கும் 'சராசர'த்தோடும் இதற்கு உறவில்லை. நல்ல தமிழில் 'நிரவல்' எனலாம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நிலத்தைச் சமமாக்குவதைத்தானே நிரவுதல் என்கிறோம்? ஐந்து பேரின் நீளம் 11, 12, 13, 14, 15 செ.மீ. என்றால், நிரவினால் 13. ஐவரில் இருவர் அதற்குக் கீழே. அந்த இருவரிடமும் எந்தக் குறையும் இல்லை. மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் நிரவ என்ன இருக்கிறது?

2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, மருத்துவத் துறையினர் நேரில் அளந்த 15,521 ஆண்கள் வரையிலான அளவுகளை ஒன்றுசேர்த்தது. நிரவிய நீளம் தளர்ந்த நிலையில் 9.16 செ.மீ., விறைத்த நிலையில் 13.12 செ.மீ.; விறைத்த நிலையில் சுற்றளவு 11.66 செ.மீ. விறைத்த நீளத்தை அளந்தது 692 பேரிடம் மட்டும். இந்த எண்களோடு 'திட்ட விலக்கம்' என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அளவுகள் நிரவலைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை அதுதான் சொல்லும். விறைத்த நீளத்துக்கு அது 1.66 செ.மீ. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் ஏறக்குறைய 11.5-க்கும் 14.8-க்கும் நடுவில்தான். நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் 16-ஐத் தாண்டுகிறார்கள். மருத்துவத்தில் 'மைக்ரோபீனிஸ்' (மிகச் சிறிய ஆணுறுப்பு) என்று சொல்ல, தளர்ந்த நிலையில் இழுத்து அளந்த நீளம் அந்த அளவின் நிரவலுக்கு 2.5 திட்ட விலக்கம் கீழே இருக்க வேண்டும். அது மிக அரிது.

அளப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. நின்றுகொண்டு, முழு விறைப்பில், உறுப்பின் மேற்பக்கமாக ஸ்கேலை வைத்து, அடிவயிற்று எலும்பில் முட்டும்வரை அழுத்தி, மொட்டின் நுனிவரை படிக்க வேண்டும். நுனித்தோல் நீண்டிருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது. அழுத்தாமல் அளந்தால் அங்குள்ள கொழுப்பு நீளத்தை விழுங்கிவிடும். தொப்பை உள்ளவர்களுக்கு வித்தியாசம் அதிகம். சுற்றளவுக்கு ஒரு நூலைத் தண்டின் நடுவில் தோல் இறுகாமல் சுற்றிக் குறித்து, அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். தளர்ந்த நிலை அளவை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். குளிரும் பதற்றமும் அதைச் சுருக்கிவிடும். தளர்ச்சியில் சிறிதாகத் தெரிவது விறைப்பில் நன்றாக நீள்வதும் உண்டு. கண்ணும் ஏமாற்றும். தன்னுடையதை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், அடுத்தவருடையதை எதிரிலிருந்தோ பக்கவாட்டிலோ பார்க்கிறோம். மேலிருந்து பார்த்தால் எதுவும் குட்டைதான்.

மாத்திரை, எண்ணெய், களிம்பு எதுவும் வளர்ந்த ஆணின் நீளத்தைக் கூட்டாது. நீளம் கூட்டும் அறுவையில் உறுப்பைத் தாங்கும் நாரை வெட்டுகிறார்கள். தழும்பு விழுவது, விறைத்தபின் உறுதியாக நிற்காமல் ஆடுவது, சில வேளை முன்பைவிடக் குட்டையாவது என்று அதன் விளைவுகள் கடுமையானவை. உடல் எடை குறைந்தால் கொழுப்பில் புதைந்த பகுதி வெளியே தெரியும். அதற்கு ஒரு செலவும் இல்லை. திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பது, வெட்கத்தில் உறவையே தவிர்ப்பது என்று கவலை வளர்ந்தால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். இந்தக் கவலை அவர்களுக்குப் புதிதல்ல. புதிதாக வளைவோ வலியோ தடிப்போ தெரிந்தால் யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீரகவியல் மருத்துவர்) காட்டுங்கள்.