பொமரேனியன் நாயின் மூக்கும் வன்னி வெயிலும்

கிளிநொச்சி வாசகர் ஒருவர், தம் பொமரேனியன் நாய் சித்திரை வெயிலில் ஓயாது மூச்சிரைப்பதால் அதன் உரோமத்தை ஒட்ட வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். வெட்ட வேண்டாம். பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவின் பெயரைத் தாங்கிய இவ்வினம், விக்டோரியா மகாராணி 1888 இல் இத்தாலியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்த பின்னர் மேலும் சிறுத்து, இன்று மூன்று கிலோகிராமளவில் நிற்கிறது. ஆனால் குளிர்நாட்டு மூதாதையரின் இரட்டை உரோமம், அதாவது உள்ளே மென்மயிரும் வெளியே நீண்ட மயிருமான இரு அடுக்கு, அப்படியே இருக்கிறது. அது வெயில் நேரே தோலில் படாமலும் காக்கிறது. ஒட்ட வெட்டினால் மாதக்கணக்கில் மீள வளராமல் போவதும் இவ்வினத்தில் உண்டு.

நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். அதனால் பெரிய பயனில்லை. உடலைக் குளிர்விப்பது நாக்கு என்றே பலரும் எண்ணுகிறோம், ஆனால் முதன்மையான வேலையைச் செய்வது மூக்கு. மூச்சிரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை இழுத்து வாயால் விடுகிறது என்பதை விலங்கு உடலியல் அறிஞர் நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும் 1970 இல் அளந்து காட்டினர். மூக்கினுள் சுருண்டிருக்கும் மெல்லிய எலும்புகளைப் போர்த்திய ஈரச் சவ்வின்மேல் காற்று ஓடும்போது நீர் ஆவியாகி, அங்குள்ள இரத்தத்தின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவி மூக்கு வழியாகவே திரும்பினால் குளிர்ந்த சவ்வில் மீண்டும் நீராகப் படிந்து, எடுத்த வெப்பத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே அது வாய்வழியே வெளியேற்றப்படுகிறது. இதற்கான நீரைச் சுரக்க மூக்கில் தனிச் சுரப்பியே உண்டு.

நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் மூச்சுவிடும் உழைப்பே உடலைச் சூடாக்காதா? ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளுவதுபோல், நாய் தன் மார்புக்கூட்டின் இயல்பான அதிர்வு வேகத்திலேயே மூச்சிரைப்பதால் தசைகளின் உழைப்பு குறைகிறது. மூச்சு ஆழமற்றது என்பதால் காபனீரொட்சைட்டும் அளவுக்கு மீறி வெளியேறுவதில்லை. ஒரு தேக்கரண்டி நீர் முழுவதும் ஆவியானால் மூன்று கிலோ நாயின் உடல் ஏறத்தாழ ஒரு பாகை குளிரும்.

ஆனால் காற்று ஈரமாக இருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. அதனால், வரண்ட சோளகக் காற்று வீசும் ஆடி நண்பகலைவிட, காற்றசையாமல் புழுங்கும் சித்திரை மாலை இந்நாய்க்கு ஆபத்தானது. வெப்பநிலையோடு ஈரப்பதனையும் அளந்து நம் வீட்டு விலங்குகளை ஆராய அதிகப் பணம் வேண்டியதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கையில் இதற்குச் சிறு நிதி ஒதுக்குவது நியாயம் என்பேன்.

கண்ணூறு கழிக்கக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டுவதைக் கைவிட வேண்டும். இவ்வினத்தின் மூச்சுக்குழாய்க் குருத்தெலும்பு தளர்ந்து குழாய் ஒடுங்கும் இயல்புடையது. கழுத்தை இறுக்குபவை மூச்சிரைப்பையே தடுக்கும். நடத்திச் செல்லவும் மார்புப் பட்டியே ஏற்றது. தகரக் கூரையின் கீழோ சூடேறிய சீமெந்து முற்றத்திலோ கட்டாமல், எப்போதும் நீர் வைத்து, விடியற்காலையில் நடத்துங்கள். உடல்வெப்பம் 41 பாகை செல்சியசை எட்டினாலோ நாய் தள்ளாடினாலோ, சாதாரண நீரால் தோல்வரை நனைத்து, மின்விசிறியின் முன் வைத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். ஈரத் துணியால் மூடினால் ஆவியாதல் தடைப்படும்.