பேய்க்கணவாயைக் கறிவைக்கிற ஊரில் க்துலு

1928 பிப்ரவரியில் அமெரிக்காவில் மலிவுத் தாளில் அச்சான ஓர் இதழில் எச். பி. லவ்கிராஃப்டின் கதை ஒன்று வந்தது. கடலுக்கடியில் உறங்கும் க்துலு என்ற ராட்சத உயிர் அறிமுகமானது அதில்தான். பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), டிராகன், மனிதன் மூன்றும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வரும்படியான உருவம் என்று எழுதியிருந்தார். லவ்கிராஃப்டுக்குக் கடலுணவே ஆகாது. அவருக்கு ஆகாத அந்தக் கைகள்தான் இன்று பிரபஞ்சத் திகில் எனப்படும் கதைவகையின் அடையாளம். 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து, கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் க்துலு' என்ற மேசை விளையாட்டின் புத்தகங்களிலும் இந்தக் கைகள் அடிக்கடி நெளியும்.

இந்த விளையாட்டில் கீப்பர் எனப்படும் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்ற நிலை வந்தால் பகடை முடிவு செய்யும். மிருகம் தலைகாட்டும் நேரத்தில் கீப்பர் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைப்பார். நாகர்கோவிலில் நாங்கள் விளையாடும்போது அப்படி ஒரு படம் வந்தது. குளச்சல்கார நண்பர் குனிந்து பார்த்துவிட்டு, "இது பேய்க்கணவாதானே மக்கா, நல்லா வேகவச்சா அருமையா இருக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் கடல்புறம் அதிகம் போகாதவர். அவர் அதே படத்தை இன்னொரு முறை பார்க்கவே தயங்கினார். ஒரே படம் ஒருவருக்குப் பசியையும் இன்னொருவருக்குப் பயத்தையும் தருவது எப்படி?

கண்ணில் விழுவதை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இது என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, வரும் தகவலோடு ஒத்துப்பார்க்கிறது. முகத்தைப் பார்த்தால் ஏறத்தாழ 170 மில்லிவிநாடியிலேயே மூளையில் அதற்கான மின் அலை எழுந்துவிடும். மேகத்திலும் பாறையிலும் முகம் தெரிவது இந்த அவசரத்தால்தான். வழக்கமாக ஊகம் பொருந்திவிடும், கவனமும் அடுத்த வேலைக்குப் போய்விடும். பொருந்தாவிட்டால் மூளை விடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கும். பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி, ஆபத்து உறுதியாகும்போது மட்டும் விழிப்பதில்லை. நிலைமை தெளிவில்லாதபோதும் விழித்துக்கொள்ளும். நல்ல ஓவியர் கைவைப்பது இந்த இடத்தில்தான். ஊகம் தொடங்கப் போதுமான அடையாளம் தருவார், முடிக்கப் போதுமானதைத் தரமாட்டார்.

பேய்க்கணவாயையே எடுத்துக்கொள்வோம். சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போனால், கரைக்கு வந்த ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கண் இருக்கிறது, ஆனால் பாவை கிடைமட்டமான ஒரு கீற்று. மூக்கு இல்லை, கன்னம் இல்லை. மேலே உருண்டையாகப் பெரிய நெற்றி போலத் தெரிவது தலையே அல்ல. குடல், செவுள், மூன்று இதயங்கள் எல்லாம் அடங்கிய உடற்பை அது. கைகள் முளைப்பதுதான் தலையிலிருந்து. எட்டுக் கைகளுக்கும் நடுவே, கிளிமூக்கு மாதிரி ஓர் அலகோடு வாய் ஒளிந்திருக்கிறது. சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன. முகம் தேடும் நம் மூளை, கண்ணைக் கண்டதும் ஆரம்பிக்கிறது, உடற்பையை நெற்றி என்று எடுத்துக்கொள்கிறது, வாயைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடுகிறது. இந்தத் தப்பான வாசிப்பைத் தூக்கி மனிதத் தோளில் வைத்தால் அதுதான் க்துலு. வாய் தெரியாததால் கோபமா, பசியா, நம்மைக் கவனித்ததா இல்லையா, எதுவும் பிடிபடாது. 1975இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற இன்னொரு மேசை விளையாட்டுக்கு வந்த, பேய்க்கணவாய்த் தலை கொண்ட மைண்ட் ஃபிளேயர் என்ற மிருகத்துக்கும் இதே உத்திதான்.

குளச்சல் நண்பருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அலகைப் பிடுங்கி, மைப்பை கிழியாமல் எடுத்து, உடற்பையைப் புறம்திருப்பிக் கழுவிப் பழகிய கை. எது எங்கே இருக்கிறது என்று அவர் மூளைக்கு மனப்பாடம், ஊகம் அந்தக் கணமே முடிந்துவிடுகிறது.

கலப்பு உருவம் என்றாலே பயம் வரும் என்றும் இல்லை. நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியும் கலப்புதான்: சிங்க உடல், யானைத் துதிக்கை. ஆனால் இரண்டு பக்கமும் சமம், முகம் மேலே, கால் கீழே. ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லிவிடலாம். அதைப் பார்த்தால் வியப்பு வருகிறது, கலக்கம் வருவதில்லை. பாகங்கள் அன்னியமாக இருப்பதைவிட, அவை கூடியிருக்கும் ஒழுங்கு கலைவதுதான் மூளையைத் தடுமாற வைக்கிறது. தோலின் மேற்பரப்பும் கொஞ்சம் உதவும். கொத்துக்கொத்தான துளைகளைக் கண்டால் சிலருக்கு உடம்பு கூசும் அல்லவா? 2013இல் ஜெஃப் கோல், ஆர்னால்ட் வில்கின்ஸ் இருவரும் அத்தகைய படங்களை ஆராய்ந்தார்கள். நீலவளையப் பேய்க்கணவாய் போன்ற நச்சு உயிர்களின் தோலில் உள்ள ஒளி-நிழல் அமைப்பு அவற்றிலும் இருப்பதைக் கண்டார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அளவு. விழித்திரையில் விழும் பிம்பத்தை மட்டும் வைத்து ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாது. பக்கத்திலுள்ள சின்னதும் தூரத்திலுள்ள பெரியதும் ஒரே பிம்பத்தைத் தரலாம். அதனால் மூளை துப்புத் தேடும். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று 133 அடி வள்ளுவர் சிலையைப் பாருங்கள். பீடத்தருகே நடக்கும் ஆட்கள் ஒரு துப்பு. அவர்கள் இல்லாத புகைப்படத்தில் சிலை எந்த உயரமாகவும் தோன்றும். தொடுவானம் இன்னொரு துப்பு. கடல்மட்டத்தையொட்டி நிற்கிறவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். எதிரே உள்ள பொருள்களைத் தொடுவானக் கோடு ஏறத்தாழ அதே ஒன்றரை மீட்டரில்தான் வெட்டும். கோட்டுக்கு மேலே எழுவதெல்லாம் நம்மைவிட உயரம். சிலையைப் பொறுத்தவரை பாறையின் அடிப்பகுதி மட்டும்தான் கோட்டுக்குக் கீழே, மற்றதெல்லாம் வானத்தில். இந்தக் கணக்கை நாம் போடுவதில்லை, மூளை தானாகப் போட்டுவிடுகிறது.

அப்புறம் காற்று. அதிலுள்ள வாயு மூலக்கூறுகளும் நீர்த்துளியும் உப்புத் துகளும் ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்துப் பொருள் வெளிறும். மருந்துவாழ்மலை பச்சையாகவும் அதற்கு அப்பாலுள்ள மலைகள் நீலமாகவும் தெரிவது இதனால்தான். க்துலுவை வரைகிறவர் தொடுவானத்தைத் தாளின் அடிவிளிம்புவரை இறக்குவார், ஒரு சிறு படகை வைப்பார், உருவத்தின் மேல்பாதியைச் சாம்பல் நீலத்தில் கரைப்பார். கால் தெளிவாகவும் தோள் வெளிறியும் இருந்தால், தோள் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக மூளை படித்துக்கொள்ளும். ஒரே உடலுக்குள் அவ்வளவு தூரமா என்று திகைக்கும் இடத்தில்தான் வயிற்றைப் பிசைகிறது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகத்தில் க்துலு கதைகளின் உயிர்களை ஓவியர் எரோல் ஓட்டஸ் வரைந்திருந்தார். பிந்தைய பதிப்புகளில் அந்தப் பகுதியே நீக்கப்பட்டுவிட்டது. 1988இல் டாம் சல்லிவன் பறவைக் கையேட்டு பாணியில் ஒவ்வொன்றையும் முழு உருவமாகத் தீட்டினார். அழகான வேலை, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மேசையில் பயமுறுத்த வேண்டுமென்றால் மைக்கோட்டு ஓவியத்துக்குத்தான் என் ஓட்டு. கரிய நிழலுக்குள் என்ன இருக்கிறது என்பது முடியாமலே நிற்கும். இப்போதைய பளபளப்பான கணினி ஓவியங்கள் பலவற்றில் ஒவ்வொரு தசையும் தெரிகிறது. ஊகிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

விளையாட்டின் விதி ஒன்று இங்கே சுவாரசியமானது. க்துலுவைக் கண்டால் பகடை உருட்ட வேண்டும். தேறினாலும் 10 வரை சானிட்டி புள்ளி, அதாவது பாத்திரத்தின் சித்தத் தெளிவை அளக்கும் புள்ளி, போகும், தவறினால் 100 வரை போகும். ஒரு மனிதருக்கு இருக்கக்கூடிய உச்சமே 99தான். ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் போனால் அறிவுத்திறனுக்கு ஓர் உருட்டல். அதில் தேறியவருக்குத்தான் சித்தம் கலங்கும். தவறியவர் கண்டதை மனத்துக்குள் புதைத்துவிட்டுத் தப்பிப்பார். கதாபாத்திரத்தைக் கெடுப்பது புரிதல். மேசையில் உட்கார்ந்திருக்கும் நமக்கோ, புரிந்த நொடியில் பயம் போய்விடுகிறது. கீப்பர் இந்த இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். படத்தைச் சில விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுவது இதற்காகத்தான். பலமுறை பார்த்த உருவத்துக்கு மூளை வார்ப்பு செய்துவைத்துக்கொள்ளும். க்துலு பஞ்சுப் பொம்மையாகவே விற்கும் காலத்தில் வெறும் கைகளை மட்டும் நம்பிப் பயனில்லை.

எங்கள் கரைக்கு வேறு படம் வேண்டும். கடலில் நின்று மலைகளையும் கோபுரங்களையும் குறிவைத்து இடம் கண்டுபிடிக்கிற மீனவர்களுக்குக் கரையின் மலை வரிசை தலைகீழ்ப் பாடம். அந்த வரிசையை அச்சு அசலாக வரைந்து, இடையில் ஒரு மலையைக் கூடுதலாக வைக்க வேண்டும். அக்கம்பக்கத்து மலைகளைவிட வெளிறிய நிறத்தில், அதே சமயம் அவற்றைவிட உயரமாக. கண்ணோ கையோ எதுவும் தேவையில்லை.