பாதி உருகினால்தான் பீங்கான்

அகல்விளக்கு ஓட்டின் உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொள்ளும். உடைந்த பீங்கான் கோப்பையில் விட்டால் சொட்டு அப்படியே நிற்கும். காரணம், பீங்கானின் துளைகளைக் கண்ணாடி அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணாடி சூளைக்குள்ளேயே பிறந்தது.

ஐரோப்பியக் கடினப் பீங்கானின் கலவை சுமாராக இப்படி இருக்கும்: பாதி கயோலின் என்ற வெள்ளைக் களிமண், கால் பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற, சூட்டில் உருகும் பாறைக் கனிமம், கால் பங்கு குவார்ட்ஸ் என்ற படிகக்கல். சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணின் படிகத்துக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறுகிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று கொஞ்சம் விரியும்; அந்த இடத்தில் அவசரப்பட்டால் விரிசல்தான். 1,150 டிகிரியை ஒட்டி ஃபெல்ட்ஸ்பார் உருகி, பாகு போல இடுக்குகளில் இறங்குகிறது. அதே நேரத்தில் களிமண்ணிலிருந்து முல்லைட் என்ற ஊசி ஊசியான படிகங்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 1,400 டிகிரியில் கோப்பை நிமிர்ந்து நிற்பது இந்த ஊசிகளின் தயவால். பாகும் அத்தனை கெட்டி, தேனைவிடப் பல மடங்கு.

அப்படியும் முழுசாக நிற்பதில்லை. கைப்பிடி ஒட்டிய பக்கம் இழுபட்டு, வட்டமான வாய் லேசாக நீள்வட்டமாகிவிடும். குயவர்கள் இரண்டு கோப்பைகளை வாயோடு வாய் கவிழ்த்து வைத்துச் சுடுவது இதைத் தடுக்கத்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கயோலின் கிடைக்காமல் கண்ணாடித் தூளைக் களிமண்ணில் கலந்து பார்த்தார்கள். அழகான பொருள்தான், ஆனால் சூளையில் படாத பாடு படுத்தியது. கொஞ்சம் சூடு குறைந்தால் வேகாது. கொஞ்சம் கூடினால் சரிந்துவிடும்.

இங்கிலாந்தில் பிறந்த போன் சைனா வேறு வழியில் போனது. அதில் சுமார் பாதி, சுட்டுப் பொடித்த மாட்டு எலும்பு. எலும்பின் கால்சியம் பாஸ்பேட் கண்ணாடியோடு சேர்ந்து, கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் நிழல் தெரியும் அளவுக்கு ஒளியை விடுகிறது. 1,250 டிகிரி அளவிலேயே இது வெந்துவிடும்.

சுடும் முறையும் தலைகீழ். கடினப் பீங்கானை முதலில் 900, 1,000 டிகிரியில் லேசாகச் சுட்டு, மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடியாகப் படியும் மேற்பூச்சு) பூசி, பிறகு உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோவார்கள். போன் சைனாவுக்கு உச்சச் சூடு முதலில். அப்போது மெருகு இல்லாததால், தட்டு தொய்யாமல் அடியிலிருந்து முழுதாகத் தாங்கு கொடுக்கலாம், ஒட்டிக்கொள்ளாது. மெருகுக்கு அப்புறம் 1,100 டிகிரிக்குக் கீழேயே போதும். கடினப் பீங்கானில் மெருகு உருகும்போது அடி சூளைப் பலகையில் ஒட்டிவிடும் என்பதால், அங்கே மெருகைத் துடைத்தெடுக்கிறார்கள். கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடி வளையத்தில் சொரசொரவென்று ஒரு வெள்ளைக் கோடு தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் அந்தத் துடைப்பின் அடையாளம்.