தேர்வு ‘விலக்கு’ அல்ல, தேர்வு ‘விலகல்’

காசிமேட்டு மீன் ஏலத்தை முடித்துக்கொண்டு வந்த எங்கள் எதிர்வீட்டு அம்மாள், சென்ற செமஸ்டர் நேரத்தில் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். பொறியியல் படிக்கும் அவருடைய மகள் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள். இரண்டு தாள்களை எழுதும் நிலையில் அவள் இல்லை. கல்லூரி கொடுத்த படிவத்தின் தலைப்பு ‘தேர்வு திரும்பப் பெறுதல் விண்ணப்பம்’ என்றிருந்தது. கையெழுத்திட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “பரிச்சைக்குக் கட்ன பணத்த திருப்பிக் குடுத்துடுவாங்களாண்ணா?”

அவர் கேட்டதில் பிழை இல்லை. தாளுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கட்டியவர், ‘திரும்பப் பெறுதல்’ என்று கண்டால் வேறு எதை நினைப்பார்? ராயபுரத்து அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்தி வயிறு வளர்க்கும் எனக்கு அந்தத் தொடர் பழகிய பகை; ஆங்கிலத்தில் ‘வித்ட்ராயல்’ (withdrawal) வருமிடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டுவிடுகிறார்கள்.

‘வித்ட்ரா’ என்னும் ஆங்கில வினையில் ‘டிரா’ என்பது இழுத்தல். ‘வித்’ என்பது இன்று ‘உடன்’ என்று பொருள்பட்டாலும் பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’ என்றே பெரிதும் வழங்கியது. இச்சொல்லில் ‘அப்பால்’ என்னும் சாயலோடு நிற்கிறது. வங்கியில் பணம் எடுப்பதற்கும், வேட்புமனுவை மீட்பதற்கும், படை பின்வாங்குவதற்கும் ஆங்கிலத்தார்க்கு இந்த ஒரு சொல் போதும். நமக்கு அவை மூன்றும் மூன்று செயல்கள்.

‘திரும்பப் பெறுதல்’ தன் இடத்தில் நல்ல சொல்தான். வேட்புமனுவைக் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறுகிறார். 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி, தான் வெளியிட்ட 2000 ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. முன்பு கொடுத்த ஒரு பொருள் இருந்தால்தான் அதைத் திரும்பப் பெற முடியும். மாணவர் தேர்வை யாருக்கும் கொடுக்கவில்லை. ‘தேர்வுக்கு விண்ணப்பம் கொடுத்தாரல்லவா, அதைத்தான் திரும்பப் பெறுகிறார்’ என்று சிலர் வாதிடுவதுண்டு. அதுவும் நிற்காது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் அந்தப் பாடம் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. இங்கோ பாடம் அப்படியே நிற்க, அதற்கு நேரே, ‘வித்ட்ராயல்’ என்பதன் முதலெழுத்தான ‘டபிள்யூ’ ஏறுகிறது. பதிவு இருக்கிறது, ஆள்தான் விலகியிருக்கிறார்.

இந்த எழுத்தின் மதிப்பு தெரிந்தால்தான் சொல்லின் மேல் எனக்குள்ள கோபம் விளங்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான விதிமுறைகளின்படி, உடல்நலக் குறைவு போன்ற தக்க காரணத்துக்காக, படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு செமஸ்டரில் மட்டும் மாணவர் தேர்விலிருந்து விலகிக்கொள்ளலாம். சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புக்கு எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே முடித்து, 8.5 தரப்புள்ளிச் சராசரியும் வைத்திருக்க வேண்டும். அனுமதி பெற்று விலகியது அங்கே ஒரு முயற்சியாகக் கணக்கிடப்படாது. விண்ணப்பிக்காமல் காய்ச்சலோடு போய் எழுதித் தோற்றாலோ அந்த வாய்ப்பு போய்விடும், அரியரும் சேரும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் தேர்விலிருந்து மட்டுமல்ல, பாடத்திலிருந்தே விலகலாம். அங்கே வழங்கும் 4 புள்ளி அளவையில் ‘பி’ என்றால் 3, ‘எஃப்’ என்றால் 0. சமமான ஐந்து பாடங்களில் நான்கில் ‘பி’யும் ஒன்றில் ‘எஃப்’பும் வாங்கியவரின் சராசரி 2.4. அந்த ஐந்தாவது பாடத்திலிருந்து உரிய நாளுக்குள் விலகியிருந்தால், ‘டபிள்யூ’ சராசரியில் சேராது என்பதால், 3.0. தோற்கப்போகிறவர்கள் முன்கூட்டியே விலகிவிட்டால், எவரும் கூடுதலாக ஓர் எழுத்துக்கூடக் கற்காமலே வகுப்பின் சராசரி ஏறிவிடும் என்பது இதன் இன்னொரு முகம்.

இனி, என் நண்பர்களே முன்வைக்கும் ‘தேர்வு விலக்கு’. சுருக்கமானது, காதுக்கு இனியது, ஆனால் ‘திரும்பப் பெறுதலை’விட ஆபத்தானது. விலகு என்பது தன்வினை, விலக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு போல. தானே ஒதுங்குகிறவர் விலகுகிறார். பிறர் ஒதுக்கினால் அது விலக்குதல். இலக்கணத்தை விட்டுவிட்டு வழக்கைப் பார்த்தாலும் இதே முடிவுதான். வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். ‘நீட் விலக்கு’ என்று தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் எழுதியிருப்பதன் பொருள், அந்தத் தேர்வே வேண்டாம் என்பது. மதுவிலக்கு என்றாலோ தடை. ஆக, ‘தேர்வு விலக்கு’ பெற்ற மாணவி, இனி அந்தத் தாளை எழுதவே வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டால் அவளை யார் குறை சொல்வது? உண்மையில் அவள் பின்னொரு முறை கட்டாயம் எழுதியாக வேண்டும். சொல் ஒன்று சொல்ல, விதி நேர்மாறாகச் சொல்கிறது. சுருக்கம் வேண்டுமென்றால், ‘விலகல்’ அதைவிட நீளமா என்ன?

சொற்பொருளுக்கு மிக நெருங்கியது ‘பின்வாங்கல்’ என்று ஒருவர் சொன்னார். நெருக்கம் உண்மையே. ஆனால் அச்சொல்லில் அஞ்சி ஓடும் வாடை இருக்கிறது. 103 டிகிரிக் காய்ச்சலில் கிடக்கும் பெண்ணுக்கு அந்தப் பழி வேண்டாம். ‘இடைநிற்றல்’ படிப்பையே விட்டவருக்கு உரியது.

ஆகவே தேர்விலிருந்து என்றால் தேர்வு விலகல், பாடத்திலிருந்து என்றால் பாட விலகல். நான் தனித்தமிழ் வெறியன் அல்லேன். அரியர் என்பதற்கு ‘நிலுவைப் பாடம்’ என்று எழுதினால் தண்டையார்பேட்டையில் எந்த மாணவனும் அதைத் தன் அரியர் என்று கண்டுகொள்ள மாட்டான். அதை அப்படியே விட்டுவிடலாம். ‘கிரேடு’ என்பதற்குத் ‘தரம்’ என்று எழுதுவதைக்கூட அரைமனதோடு ஏற்கிறேன், அதே சொல் வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் மண்ணுக்கும் வழங்குகிறது என்றாலும். என் குறையெல்லாம், அகராதியின் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாளில் யார் கையெழுத்திடப் போகிறார் என்று ஒரு கணமும் நினைக்காத மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது; அது கொட்டியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவும் ஆளில்லை.

இவர்களுக்கு அடுத்த சோதனை ‘டிராப்’. அமெரிக்கக் கல்லூரிகளில் செமஸ்டரின் தொடக்க நாட்களில் பாடத்தை ‘டிராப்’ செய்தால் பொதுவாகச் சுவடே இருக்காது. அந்நாள் கடந்து விலகினால்தான் ‘டபிள்யூ’ ஏறும். முன்னதைப் ‘பதிவு நீக்கம்’ என்றும் பின்னதைப் ‘பாட விலகல்’ என்றும் பிரித்து எழுதலாம். நான் கண்ட ஒரு வெளிநாட்டுப் படிப்பு வழிகாட்டிக் கையேட்டில் இரண்டுக்கும் ‘திரும்பப் பெறுதல்’ என்றே போட்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுப் படிவத்தில், தலைப்பின் மேல் பென்சிலால் ‘தேர்வு விலகல், பிறகு எழுத வேண்டும்’ என்று எழுதிக் காட்டினேன். அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, பணம் வராது என்பதை என்னிடம் மறுபடியும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, கையெழுத்துப் போட்டார்.