ஜெர்மனியில் பிள்ளை வீட்டுக்குப் போகும் பெற்றோருக்கு

மகனோ மகளோ ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனதும் அப்பா அம்மாவுக்கு விசா எடுத்து வரவழைப்பது இப்போது நிறைய வீடுகளில் நடக்கிறது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம். பல குடும்பங்களில் இதற்காகப் பிள்ளை அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், பெற்றோருக்கு ஆகும் செலவு எதுவானாலும் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பயணத்துக்கு ஆட்களைத் தயார்செய்யும்போது நாங்கள் முதலில் பேசுவது அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான். வாடகை ஒப்பந்தம் பிள்ளை பேரில். பக்கத்து வீட்டார் புகார் சொன்னால் அதுவும் பிள்ளை பேரில். வீட்டுக்காரரின் எச்சரிக்கைக் கடிதமும் அப்படியே. நீங்கள் மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அதே மாடிப்படியில்தான் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் ஏதாவது தெரியாமல் செய்துவிட்டால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிக்கல் வருவதெல்லாம் குடியிருக்கும் இடத்தில். அதிலும் முதலாவது, குளியலறை.

நம் ஊர்க் குளியலறையில் தரை ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும், அங்கே தண்ணீர் போக ஜாலி இருக்கும். ஜெர்மன் வீடுகளில் பெரும்பாலும் ஷவர் தொட்டிக்கும் குளியல் தொட்டிக்கும் மட்டும்தான் வடிகால். வெளியே உள்ள தரை காய்ந்தே இருக்கும் என்று எண்ணிக் கட்டியது. பழைய கட்டடங்களில் தளமே மர உத்தரத்தின் மேல் நிற்கிறது. பக்கெட்டில் பிடித்து மக்கால் ஊற்றிக் குளித்தால் சிந்தும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும். சில வாரத்தில் கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு வளையம் தெரியும். எனவே தொட்டிக்குள் நின்று, திரையையோ கண்ணாடிக் கதவையோ முழுக்க மூடிக்கொண்டு குளியுங்கள். திரையின் அடிப்பகுதி தொட்டிக்கு உட்பக்கம் தொங்க வேண்டும். வெளியே விட்டால் மூடியும் பயனில்லை. கழிப்பறைக்குச் சிறிய மூக்குள்ள பாட்டில் ஒன்று போதும், சொட்டியதை உடனே துடைத்துவிடலாம். பிள்ளைகள் கழிப்பறையில் கழுவும் கைக்குழாய் மாட்டியிருந்தால் பயன்படுத்தி முடித்ததும் சுவரில் உள்ள வால்வை மூடுங்கள். மெல்லிய ஹோஸில் அழுத்தம் இரவும் பகலும் நின்றுகொண்டே இருந்தால் ஒருநாள் வெடிக்கும், ஆள் இல்லாத நேரத்தில் வெடித்தால் சேதம் பெரிது. பிறருக்கு நாம் செய்துவிடும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு பிள்ளையிடம் இருக்கிறதா, வந்து தங்கும் பெற்றோருக்கும் அது பொருந்துமா என்று வந்திறங்கிய வாரமே கேட்டுவைப்பது நல்லது.

அடுத்தது ஜன்னல். ஜெர்மானியர்கள் இதற்கென்றே ‘ஷ்டோஸ்லுஃப்டன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஜன்னலை அகலத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மூடுவது. காலையும் மாலையும், குளித்த பின், சமைத்த பின். குளிர்காலத்தில் அந்த நேரம் மட்டும் ஹீட்டரின் திருகை அணைத்துவைக்க வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமலே இருப்பவர்கள் ஒரு பக்கம், மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டுவிடுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் கெடுதல். சாய்த்து விட்டால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்துபோய், வீட்டிலுள்ள ஈரம் அங்கேயே படிந்து கரும்பூஞ்சை பிடிக்கும். பிள்ளை தனியாக இருந்தபோது பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தது. இப்போது மூன்று வேளையும் சோறு வடிகிறது, ரசம் கொதிக்கிறது, துணி உள்ளேயே காய்கிறது. அதே வீட்டில் ஈரம் பல மடங்கு. காலையில் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். ஒரு துணியால் துடைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள். வீடு காலி செய்யும்போது முன்பணத்தில் வீட்டுக்காரர் பிடிக்க முதலில் பார்ப்பது இந்தப் பூஞ்சையைத்தான்.

தாளிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியைப் போட்டுவிடுங்கள். படுக்கையறையிலும் நடையிலும் கூரையில் வெள்ளை வட்டமாக ஒட்டியிருப்பது புகை எச்சரிப்பான். அதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது, கழற்றி வைக்கக் கூடாது. சாம்பிராணியும் கற்பூரமும் அதற்கு நேர் கீழே வேண்டாம். வீட்டில் என்றால் வீறிட்டு அலறும், அதோடு போகும். ஓட்டல் அறையில் ஏற்றினால் பல இடங்களில் அலாரம் நேரே தீயணைப்பு நிலையத்தில் அடிக்கும். வண்டி வந்துவிட்டால் அதன் செலவு அறையில் தங்கியவர் தலையில் விழக்கூடும்.

இனி சத்தம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஞாயிறும் அரசு விடுமுறையும் நாள் முழுக்க அமைதி நாள். சில கட்டடங்களில் பகல் 1 முதல் 3 வரையும் உண்டு, அது ‘ஹவுஸ்ஓர்ட்னுங்’ என்ற வீட்டு விதித்தாளில் எழுதியிருக்கும். இது ஏதோ அண்டைவீட்டார் கெடுபிடி என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியின் முதல் குடியரசு 1919-இல் எழுதிய வைமர் அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவு ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் காக்கிறது. 1949-இல் வந்த இன்றைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே தன்னுள் எடுத்துக்கொண்டது. கடைகள் ஞாயிறு மூடியிருப்பதும் அதனால்தான். பெட்ரோல் பங்க், பெரிய ரயில் நிலையக் கடைகள், சில மணி நேரம் பேக்கரி, அவ்வளவுதான் திறந்திருக்கும். பால், காய், அரிசி எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

நம்மவர்களுக்கு அமைதி நேரம் இடிக்கும் இடம் விமானக் களைப்பு. இந்தியா கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் முந்தியிருக்கிறது. முதல் வாரம் அங்கே விடியற்காலை ஒன்றரைக்கே, இரண்டுக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்தால் காபிக்குப் பாத்திரம் உருளும், போனில் பக்திப் பாடல் ஒலிக்கும், ஊரிலிருக்கும் தங்கையோடு ஸ்பீக்கரில் பேச்சு. மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். காதில் மாட்டும் ஹெட்செட் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். கிரைண்டரைச் சனிக்கிழமை பகலில் போடுங்கள், அடியில் தடிமனான ரப்பர் பாய் விரித்து. அதன் அதிர்வு சுவர் வழியாகப் போகும், அது காதுக்குக் கேட்கும் சத்தத்தைவிட அதிகம் தொல்லை தரும். ஞாயிறு சட்னிக்கு மிக்ஸி இருபது விநாடி ஓடினால் யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். அரை மணி நேரம் கிரைண்டர் ஓடினால் கதவு தட்டப்படும்.

தட்டினால் என்ன செய்வது? இங்கேதான் மனம் புண்படுகிறது. நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு குறை என்றால் நான்காவது வீட்டில் சொல்வார், அது சுற்றி வந்து நம் காதில் விழும். ஜெர்மானியர் முகத்துக்கு நேரே, சிரிப்பு எதுவும் இல்லாமல், “ஞாயிற்றுக்கிழமை இந்தச் சத்தம் கூடாது” என்பார். நம்மை வெறுக்கிறார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. அவர் பேசுவது சத்தத்தைப் பற்றி மட்டும். ஆட்டுவதை நிறுத்திவிட்டு ‘என்ட்ஷுல்டிகுங்’, அதாவது மன்னிக்கவும், என்று ஒரே சொல் சொன்னால் விஷயம் அங்கேயே முடிகிறது. மறுநாள் படிக்கட்டில் அவரே வணக்கம் சொல்வார். நாம் செய்யும் தவறு, விருந்தாளி வருகிறார், மாவு புளிக்க வேண்டும் என்று நீளமாகக் காரணம் சொல்வது. அது அவர் காதில் ‘விதி எனக்குப் பொருந்தாது’ என்றே விழும். தலையை இரு பக்கமும் ஆட்டி ‘சரி சரி’ என்று சொல்வதையும் அவர்கள் மறுப்பாகவோ தயக்கமாகவோ எடுத்துக்கொள்வார்கள். ஆம் என்பதற்கு ‘யா’ என்று வாயால் சொல்லுங்கள்.

வணக்கம் என்றதும் ஒன்று. படிக்கட்டில், லிஃப்டில், மருத்துவரின் காத்திருப்பு அறையில் நுழைந்ததும் ‘கூடன் டாக்’ அல்லது ‘ஹலோ’ சொல்வது அங்கே அடிப்படை மரியாதை. தெற்கு மாநிலமான பவேரியாவில் ‘க்ரூஸ் கோட்’. கடையைவிட்டு வரும்போது ‘ட்ஷூஸ்’, அதாவது போய்வருகிறேன். மொழி தெரியாதே என்று கூச்சப்பட்டுத் தலைகுனிந்து கடந்துபோனால் அதைத் திமிர் என்று நினைப்பார்கள். நீங்கள், நீ என்ற வேறுபாடு ஜெர்மனிலும் உண்டு, ‘ஸீ’, ‘டூ’. முன்பின் தெரியாதவருக்கு ஸீ, கூடவே குடும்பப் பெயர். இங்கே தமிழ்ப் பெயருக்கு ஒரு சிக்கல்: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருக்கும். மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தன்னை அழைக்கிறார்கள் என்றே தெரியாமல் அம்மா உட்கார்ந்திருப்பார், முறை போய்விடும். பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

குப்பை ஊருக்கு ஊர் சற்று மாறும். பெரும்பாலும் நீலத் தொட்டி காகிதத்துக்கு, மஞ்சள் தொட்டி பிளாஸ்டிக், டின், பால் அட்டை போன்ற பொதிகளுக்கு, பழுப்பு காய்கறிக் கழிவுக்கு, கறுப்பு அல்லது சாம்பல் மீதிக்கு. காய்த்தோலை பிளாஸ்டிக் பையோடு பழுப்பில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு பை இருந்தாலும் தொட்டியை அள்ளாமல் விட்டுப்போவார்கள், பிறகு கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிடும். கண்ணாடிப் பாட்டில்களை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்துத் தெருவோரப் பெட்டியில், ஞாயிறன்றும் இரவிலும் போடாமல். தண்ணீர் பாட்டிலையும் குளிர்பான டின்னையும் வீசாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் வகை என்றால் ஒவ்வொன்றிலும் 25 சென்ட் ஃபாண்ட், அதாவது வைப்புத்தொகை, இருக்கிறது. நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் விட்டால் சீட்டு வரும், கல்லாவில் காசு. பட்டைக்கோடு தெரியாவிட்டால் இயந்திரம் திருப்பித் தள்ளும். குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது என்பதால் பாட்டில் வாங்கும் தேவையும் குறைவு.

வெளியே போகும்போது மூன்று விஷயம். சிவப்புக் கல் பதித்த நடைபாதைப் பட்டை பெரும்பாலும் சைக்கிளுக்கு, அதில் நிற்காதீர்கள். நடப்பவருக்கான சிவப்பு விளக்கு எரியும்போது தெரு காலியாக இருந்தாலும் கடக்க வேண்டாம். 5 யூரோ அபராதம் சிறியது. குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால்தான் பக்கத்தில் நிற்பவர் கோபப்படுகிறார். மூன்றாவது, டிக்கெட். நிலையத்தில் தடுப்புக் கதவு இல்லை, யார் வேண்டுமானாலும் ஏறலாம். பரிசோதகர் சாதாரண உடையிலும் வருவார். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. டிக்கெட் இருந்தும் மாட்டிக்கொள்வது எப்படி என்றால், பல நகரங்களில் காகித டிக்கெட்டை நடைமேடைப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும், குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். நாடு முழுக்க உள்ளூர் பஸ், ரயிலில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. பிள்ளையிடம் இருக்கும் அந்த டிக்கெட்டைப் பெற்றோர் வாங்கிக்கொண்டு போக முடியாது. அது பேர் போட்டது.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு ஸ்வஸ்திகா மங்கலச் சின்னம். ஜெர்மனியில் அதே வடிவம்தான் ஹிட்லரின் நாஜிக் கட்சிச் சின்னம். அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. நாம் சமயப் பொருளில் வைத்திருக்கிறோம் என்று விளக்கிச் சொல்ல வாய்ப்பு வருவதற்குள் எதிரே நிற்பவருக்கு வயிறு கலங்கிவிடும். அவர்கள் குடும்பத்தில் அந்தச் சின்னம் செய்தது என்ன என்று நமக்குத் தெரியாது. சங்கிலி டாலர், பெட்டி மேல் ஸ்டிக்கர், வாசல் கோலம் எதிலும் வேண்டாம், பூஜை அலமாரிக்குள் இருக்கட்டும். ஹிட்லர் பெயரை வைத்துப் பேச்சும் வேண்டவே வேண்டாம்.

பூங்காவில் அடுத்தவர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவதும் படம் எடுப்பதும் கூடாது. ஒருவர் படம் அவருக்கே சொந்தம் என்ற சட்டம் 1907 முதல் அங்கே இருக்கிறது. 1898-இல் முன்னாள் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் இறந்துகிடந்த அறைக்குள் புகுந்து இருவர் படம் எடுத்த விவகாரம் அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம்.

பெட்டி கட்டும்போது: இறைச்சி, கருவாடு அல்லாத அசைவப் பொடி, பால்கோவா, நெய் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் பறிபோகும், தேங்காய்க்குத் தடையில்லை. துபாய் வழி போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு, மூன்று மாதத் தேவைக்குள் எடுத்துப் போங்கள். பாராசிட்டமால்கூட அங்கே மருந்துக்கடையில் மட்டும்தான். அவசரத்துக்கு 112, உயிருக்கு ஆபத்தில்லாத மருத்துவ உதவிக்கு 116117.

கடைசியாக வாசல் கதவு. வெளிப்பக்கம் சுழலாத குமிழ்தான் இருக்கும், இழுத்துச் சாத்தினால் சாவி இல்லாமல் திறக்காது. குப்பை போட இறங்கிய அம்மா வீட்டுச் செருப்போடு குளிரில் நிற்பதும், ஞாயிறு இரவில் பூட்டுத் திறப்பவர் நூற்றுக்கணக்கான யூரோ கேட்பதும் நடக்கிறது. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே காலெடுத்து வையுங்கள். உள்பக்கப் பூட்டில் சாவியைச் செருகியே விடாதீர்கள், பல பூட்டுகளில் அப்போது வெளிச்சாவி வேலை செய்யாது. இன்னொரு சாவியைப் பிள்ளையிடம் சொல்லி எதிர்வீட்டில் கொடுத்துவைக்கலாம். அப்படிக் கொடுத்துவைக்கிற வழக்கம் அங்கே உண்டு, வந்த நாள் முதல் படிக்கட்டில் ‘கூடன் டாக்’ சொல்லிப் பழகிய வீடாக இருந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள்.