சொல் விளக்கம்: டெமோ என்னும் மாதிரிப் பதிவு

மிக்ஸி வாங்கப் போனால் கடைக்காரர் டெமோ காட்டுகிறார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்க வருபவர், ‘வாங்க வேண்டாம், ஒரு டெமோ மட்டும் பார்த்திடுங்க’ என்று வாசலில் நிற்கிறார். டியூஷன் சென்டரில் முதல் நாள் நடப்பது டெமோ கிளாஸ். இப்படி நம் வாயில் தினமும் புழங்கும் இந்தச் சொல், பாட்டுத் தொழிலுக்குள் நுழைந்ததும் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொருளுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்று வெகு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1960களில் நியூயார்க்கில் டெமோ பாடிப் பாடியே வளர்ந்த அமெரிக்கப் பாடகியும் மெட்டமைப்பாளருமான கேரல் கிங்கின் பதிவுகளைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு விடை பிடிபட்டது.

முதலில் வேர். டெமோ என்பது ‘டெமான்ஸ்ட்ரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதற்கு மூலம் லத்தீன். ‘மோன்ஸ்த்ராரே’ என்றால் காட்டுதல். முன்னால் ‘தே’ சேர்ந்தால் நன்றாகச் சுட்டிக் காட்டுதல். இன்னும் கீழே தோண்டினால் ‘மோன்ஸ்த்ரும்’ கிடைக்கும். தெய்வம் காட்டும் அறிகுறி, நிமித்தம் என்று பொருள். விகாரமான பிறவியைக் கெட்ட நிமித்தமாகப் பார்த்த காலத்தில் அதே சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘மான்ஸ்டர்’ வந்தது. தெருவில் கொடி பிடித்து நடத்தும் ஆர்ப்பாட்டத்தையும் ஆங்கிலத்தில் டெமோ என்பார்கள். அதுவும் எதிர்ப்பைக் காட்டுவதுதானே. ஆனால் டெமாக்ரசியில் இருக்கும் ‘டெமோ’ வேறு. அது மக்கள் என்று பொருள்படும் ‘தேமோஸ்’ என்ற கிரேக்கச் சொல். இரண்டுக்கும் உறவில்லை.

ஆக, வேர்ப்பொருள் காட்டுதல். பாட்டில் யார் யாருக்குக் காட்டுகிறார்கள்?

பாட்டை எழுதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு உள்ள இடத்தில்தான் டெமோவுக்கு வேலை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பாட்டு வியாபாரம் என்றால் அச்சடித்த இசைத்தாள் வியாபாரம். பதிப்பகத்தின் ஆள் பாடகரைத் தேடிப் போய், பியானோவில் உட்கார்ந்து புதுப் பாட்டை வாசித்துக் காட்டுவார். இசைத்தட்டு கோலோச்சத் தொடங்கியதும் அது போதவில்லை. தட்டாக வந்தால் எப்படி ஒலிக்கும் என்று தயாரிப்பாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எனவே பதிப்பகமே சின்ன ஸ்டுடியோ ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கையில் கிடைத்த இரண்டு மூன்று பேரை வைத்துப் பாட்டைப் பதிந்து, தட்டில் வெட்டி அனுப்பியது. அந்தப் பதிவுதான் டெமோ.

அந்தத் தட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பாகப் பளபளக்கும் மெருகுப் பூச்சு. கடையில் விற்கும் இசைத்தட்டை அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள். இதை அப்படி எடுப்பதில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஊசி நேரடியாகப் பள்ளம் கீற வேண்டும். தொழிலில் இதற்கு அசிடேட் என்று பெயர். பூச்சு மென்மையானது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் முள் கொஞ்சம் சுரண்டிக்கொண்டே போகும். திரும்பத் திரும்ப ஓட்டினால் இரைச்சல் ஏறும், மேல்சுரங்கள் மங்கும். தயாரிப்பாளரின் மேசையில் நாலைந்து தடவை சுழன்றால் போதும் என்று செய்த பொருள் அது. பொதுமக்கள் காதுக்கு அது போக வேண்டியதே இல்லை. பாட்டு விலைபோனதும் அதன் ஆயுள் முடிந்தது.

அப்படி முடிந்துபோக வேண்டிய பொருளைத்தான் கேரல் கிங் வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தார்.

1942இல் நியூயார்க்கில் பிறந்தவர். இயற்பெயர் கேரல் கிளைன். குவீன்ஸ் கல்லூரியில் படித்தபோது உடன் படித்த பால் சைமனோடு சேர்ந்து அடுத்தவர் பாட்டுகளுக்கு டெமோ பதிந்து கொடுத்திருக்கிறார். அதே கல்லூரியில்தான் ஜெரி கோஃபினைச் சந்தித்தார். 1959இல் திருமணம், கிங்குக்கு வயது 17. கோஃபின் பகலில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். மாலையில் இருவரும் பாட்டு எழுதினார்கள். மெட்டு கிங்குடையது, வரிகள் கோஃபினுடையவை. டான் கிர்ஷ்னரும் அல் நெவின்ஸும் நடத்திய ஆல்டன் மியூசிக் என்ற பதிப்பகம் அவர்களை வேலைக்கு எடுத்தது. பிராட்வேயில் 1650ஆம் எண் கட்டடம். சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு பியானோ. சுவர்கள் மெல்லியவை. பக்கத்து அறையில் பாரி மேனும் சிந்தியா வெய்லும் என்ற இன்னொரு பாட்டெழுதும் ஜோடி அடிக்கும் பாட்டு இந்த அறைக்குக் கேட்கும். அடுத்த வாரம் இன்ன பாடகருக்குப் பாட்டு வேண்டும் என்று தகவல் வந்தால் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் பியானோ முழங்கும்.

1960இல் ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவுக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. கிங் மெட்டை வீட்டில் டேப் ரிகார்டரில் பதிந்து வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். கோஃபின் வீடு திரும்பி அதைக் கேட்டு வரிகளை எழுதினார். ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ பிறந்தது அப்படி. டெமோவைக் கேட்ட ஷிரெல்ஸின் முதன்மைப் பாடகி ஷெர்லி ஓவன்ஸுக்குப் பிடிக்கவில்லை. நாட்டுப்புற கன்ட்ரி பாட்டுபோல இருக்கிறது, நமக்கு ஒத்துவராது என்றார். பிறகு வயலின்கள் சேர்ந்தன. அந்த இசைக்கோப்பை எழுதியவரும் கிங்தான். அதற்காக நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் படித்திருக்கிறார். வயது 18. பாட்டு 1961 ஜனவரிக் கடைசியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று பில்போர்ட் இதழின் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

டெமோ என்ற சொல்லின் இயல்பான பொருள் இந்தக் கதையில் முழுசாக இருக்கிறது. அது தூது போகிறது. கேட்பவர் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், மாற்றச் சொல்லலாம். மாற்றம் முடிந்தபின் தூது போனதை யாரும் தேடுவதில்லை.

1962இல் இந்த ஒழுங்கு இரண்டு முறை குலைந்தது. ‘தி லோகோ-மோஷன்’ பாட்டை கிங்கும் கோஃபினும் டீ டீ ஷார்ப் என்ற பாடகியை மனதில் வைத்து எழுதினார்கள் என்று சொல்வதுண்டு. டெமோ பாட வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஈவா பாய்ட் என்ற இளம்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அந்த டெமோவைக் கிர்ஷ்னர் கேட்டார். வேறு குரல் எதற்கு என்று அவள் குரலிலேயே வெளியிட்டார். லிட்டில் ஈவா என்ற பெயரில் வந்த அந்தத் தட்டு ஆகஸ்டில் முதலிடத்துக்கு ஏறியது. அதே வருஷம் பாபி வீ என்ற பாடகருக்காக எழுதிய ‘இட் மைட் ஆஸ் வெல் ரெய்ன் அன்டில் செப்டம்பர்’ பாட்டின் டெமோவை கிங்கே பாடியிருந்தார். அதையும் அப்படியே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 22ஆம் இடம், பிரிட்டனில் 3ஆம் இடம். எனக்கு இந்தப் பாட்டின் மேல் தனிப் பிரியம். கோடை விடுமுறையில் பிரிந்திருக்கும் பெண்ணின் ஏக்கத்தை, யாரையும் அசத்த வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் பாடியிருப்பார். அடுத்தவருக்குப் பாடிக் காட்டும் குரல் அது. அதனால்தான் அத்தனை நெருக்கம்.

சரி, தமிழுக்கு வருவோம். நம் சினிமாப் பாட்டுத் தொழிலிலும் இதை ஒட்டிய சொற்கள் உண்டு. அவற்றோடு டெமோவைக் குழப்பிவிடக் கூடாது. மெட்டமைத்தவர் பாடலாசிரியருக்குத் ‘தானன தானன’ என்று பாடிக் கொடுப்பது தத்தகாரம். வரிகள் வருவதற்கு முன் சும்மா இட்டு நிரப்பும் சொற்கள் டம்மி வரிகள். முன்னணிப் பாடகர் வரும்வரை வேறொருவர் முழுப் பாட்டையும் பாடி வைப்பது டிராக். டெமோவுக்கு மிக அருகில் இருப்பது இந்த டிராக்தான், ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. டிராக் பாடும்போது பாட்டு ஏற்கெனவே ஒரு படத்துக்கு என்று முடிவாகியிருக்கும். டெமோவுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அது வீடு தேடிப் போகும் பாட்டு.

அகராதிகளும் இதழ்களும் டெமோவுக்குத் தரும் முதல் சொல் ‘செயல்விளக்கம்’. வேளாண்மைத் துறையின் செயல்விளக்கத் திடல் நமக்குத் தெரிந்ததே. மிக்ஸிக்கும் டிராக்டருக்கும் அது கச்சிதமான சொல். பாட்டுக்கு ஒட்டாது, பாட்டில் யாரும் செயலை விளக்குவதில்லை. ‘முன்னோட்டம்’ என்றால் இன்று எல்லோருக்கும் சினிமா டிரெய்லர்தான் நினைவுக்கு வரும். அது முடிந்த பொருளின் துண்டு. டெமோ முடியாத பொருளின் முழு வடிவம். ‘ஒத்திகை’ பாடுபவர் தன் தயாரிப்புக்காகச் செய்வது, விற்பதற்காகச் செய்வதல்ல.

‘வெள்ளோட்டம்’ என்ற சொல்லில்தான் நான் ரொம்ப நாள் நின்றேன். புதுத் தேர் செய்தாலோ பழைய தேரைச் செப்பனிட்டாலோ, உற்சவரை எழுந்தருளச் செய்யாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் உருளுகிறதா, முட்டுக்கட்டை நிற்கிறதா, வடம் தாங்குகிறதா என்று பார்க்கும் ஓட்டம். ‘வெள்’ என்பதற்கு வெண்மையோடு வெறுமை என்ற பொருளும் உண்டு. எழுதாத ஓலை வெள்ளோலை. தெய்வம் அமராத தேர் போல, நட்சத்திரப் பாடகர் அமராத பாட்டு. டெமோவுக்கு இதைவிட அழகான உவமை கிடைக்காது. ‘வெள்ளோட்டப் பதிவு’ என்றே எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் 2012இல் வெளிவந்த ‘தி லெஜண்டரி டெமோஸ்’ தொகுப்பைக் கேட்டேன். கேரல் கிங்கின் அறுபதுகளின் டெமோக்களும் எழுபதுகளின் தொடக்கத்து டெமோக்களும் அதில் இருக்கின்றன. மங்கீஸ் குழு 1967இல் பாடிய ‘பிளெசன்ட் வேலி சண்டே’ அதில் உண்டு. அரிதா ஃபிராங்க்ளின் பாடி உலகம் அறிந்த ‘எ நேச்சுரல் வுமன்’ பாட்டின் டெமோவும் உண்டு. அந்தப் பாட்டுக்குத் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் தலைப்பை மட்டும் கொடுத்தார். மீதியைக் கிங்கும் கோஃபினும் எழுதினார்கள். அரிதாவின் பதிவில் பின்குரல்களும் வயலின்களும் எழும்பி ஆளையே தூக்கிக்கொண்டு போகும். டெமோவில் கிங்கின் பியானோவும் குரலும்தான். குரல் பெரிதில்லை, உச்சத்தில் லேசாகக் கரகரக்கும். ஆனால் அரிதாவுக்குப் போக வேண்டிய வழி முழுக்க அங்கே போடப்பட்டிருக்கிறது. எங்கே அடங்க வேண்டும், எந்த இடத்தில் ஏற வேண்டும், பல்லவிக்குள் எப்படிக் காலடி வைக்க வேண்டும் என்று எல்லாம்.

வெள்ளோட்டத்தை நான் கைவிட்டது அந்தப் பதிவைக் கேட்ட அன்றைக்குத்தான். அந்தத் தேர் வெறுமையாக ஓடவில்லை. உள்ளே ஒருவர் அமர்ந்திருந்தார்.

மிச்சமிருந்தது நாம் எப்போதும் சொல்லும் சாதாரணச் சொல், மாதிரி. துணிக்கடையில் வெட்டித் தரும் துண்டு மாதிரி. சந்தையில் கை நிறைய அள்ளிக் காட்டும் அரிசி மாதிரி. இது ஒரு பொருள்: முழுச் சரக்கு எப்படி இருக்கும் என்று காட்டும் கொஞ்சம். ஆனால் மாதிரிக்கு இன்னொரு பொருள் இருக்கிறது: பார்த்து அதேபோலச் செய்ய வேண்டியது. மாதிரி வினாத்தாள், மாதிரிப் பள்ளி, முன்மாதிரி என்னும்போது அந்தப் பொருள் வருகிறது. விற்கக் காட்டும் துண்டு, பின்பற்றக் காட்டும் வழி என இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. கிங்கின் டெமோக்கள் இரண்டு விதமாகவும் வேலை செய்தன. 1963இல் சிஃபான்ஸ் குழு பாடிய ‘ஒன் ஃபைன் டே’ பாட்டில் துள்ளி வரும் பியானோவை வாசித்தவரும் கிங்தான்; அந்தப் பியானோ இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஆல்டனின் மேற்குக் கரை அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட லூ ஆட்லர் அந்த டெமோக்களின் ரசிகர். கோஃபினோடு மணமுறிவு ஏற்பட்டு 1968இல் கிங் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்தார். மேடையேறத் தயங்கியவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடகியாக்கியவர்களில் ஆட்லர் முக்கியமானவர். 1971 பிப்ரவரியில் வந்த ‘டேப்பஸ்ட்ரி’ என்ற பாட்டுத் தொகுப்பை அவர்தான் தயாரித்தார். கிங் பியானோவில் உட்கார்ந்து நம் ஒருவருக்காக மட்டும் பாடுவதுபோல, அந்த டெமோக்கள் போலவே ஒலிக்க வேண்டும் என்பது ஆட்லரின் விருப்பம். ஷிரெல்ஸ் பாடிய பாட்டையும் அரிதா பாடிய பாட்டையும் அதில் கிங் தானே பாடினார், மெதுவாக, அலங்காரம் குறைத்து. தொகுப்பு 15 வாரம் முதலிடத்தில் நின்றது. அடுத்த வருஷம் நான்கு கிராமி விருதுகள். டெமோ எப்படி ஒலித்ததோ அதைப் பின்பற்றித்தான் முடிந்த பாட்டு வந்தது. மாதிரி என்ற சொல்லின் இரண்டாவது பொருளுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எனவே எழுத்தில் ‘மாதிரிப் பதிவு’. நடுவில் ‘ப்’ மிகும். பேச்சில் ‘மாதிரி பாடிக் கொடுத்தாள்’, ‘மாதிரி கேட்டீங்களா?’ என்றாலே புரியும். ‘டெமோ பாடகி’ என்ற இடத்தில் ‘மாதிரி பாடுபவர்’ என்று எழுதலாம். ‘மாதிரிப் பாடகி’ என்று எழுதினால் பார்த்துப் பின்பற்ற வேண்டிய பாடகி என்று பொருள் மாறிவிடும். கேரல் கிங்கைப் பொறுத்தவரை அப்படி எழுதினாலும் நான் திருத்த மாட்டேன்.