180 என்ற எண்ணைத் துரத்த வேண்டாம்

ஆண்டிறுதி மராத்தானுக்காக நெடுந்தூர ஓட்டங்களைக் கூட்டத் தொடங்கும் மாதங்களில், முழங்கால் சிப்பியைச் சுற்றிய வலியோடும் கணைக்கால் எலும்பு வலியோடும் இயன்முறை சிகிச்சைக்கு வருவோர் அதிகரிக்கின்றனர். அவர்களில் பலர் கைக்கடிகாரத்தைக் காட்டி, “என் கேடன்ஸ் 160தான், 180 ஆக்கினால் வலி போய்விடுமா?” என்று கேட்கிறார்கள்.

கேடன்ஸ் என்பது ஒரு நிமிடத்தில் இரு கால்களாலும் எடுத்து வைக்கும் மொத்த அடிகளின் எண்ணிக்கை. பயிற்றுநர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முன்னணி வீரர்களின் அடிகளை எண்ணியபோது, ஏறக்குறைய எல்லாரும் 180 அல்லது அதற்கு மேல் ஓடியதைக் கண்டார். அது பந்தய வேகத்தில் எடுத்த கணக்கு. வேகத்தையும் உயரத்தையும் பொறுத்து மாறக்கூடிய இந்த எண்ணை, சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என ஓடுபவருக்கு இலக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாதம் உடலுக்கு வெகு முன்னால், முழங்கால் நன்கு நீண்ட நிலையில் தரையில் பதிவதே நான் அதிகம் பார்க்கும் சிக்கல். அப்படிப் பதியும் ஒவ்வோர் அடியும் ஓட்டத்துக்குத் தடைபோடுவதோடு, முழங்காலின் மீதான சுமையையும் கூட்டுகிறது. வேகத்தை மாற்றாமல் அடிகளை மட்டும் கூட்டினால் அடியின் நீளம் தானாகவே குறைந்து, பாதம் இடுப்புக்குக் கீழே நெருங்கி விழும். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அவரவர் வழக்கமான வீதத்தை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினாலே முழங்கால் சுமை குறைவதைக் காட்டியது. 160இல் ஓடுபவருக்கு இது 168 முதல் 176 வரை. அதற்கு மேல் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

அடியைக் கூட்டச் சொன்னால் பலர் வேகத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறார்கள். இந்த வெக்கையில் அது நாடித்துடிப்பை ஏற்றுமே தவிர, எதிர்பார்த்த பயனைத் தராது. ஆகவே முதலில் வேகத்தை நிலையாக வைக்கக்கூடிய ட்ரெட்மில்லில், மெட்ரோனோம் செயலியின் தாளத்துக்கு ஓரிரு நிமிடங்கள் ஓடி, இடையில் வழக்கம்போல் ஓடிப் பழகுவது நல்லது. பிறகு மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பூங்காவின் மேடுபள்ளங்களைத் தவிர்த்து, சமதளமான பூங்கா இணைப்புப் பாதையில் தொடரலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. அடிகளைக் கூட்டும்போது முன்பாதத்தில் ஓடத் தொடங்குபவர்களுக்குக் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் வேலை கூடுவதால், பழகும் வாரங்களில் தூரத்தைக் குறைத்தே ஓட வேண்டும். குதிகால் நாணில் ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு நான் இந்த மாற்றத்தை உடனே பரிந்துரைப்பதில்லை. திடீரென்று தூரத்தைக் கூட்டியதால் வந்த வலியைக் கேடன்ஸால் மட்டும் சரிசெய்யவும் முடியாது.

கணைக்கால் எலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் கடுமையாக வலித்தாலோ, ஓய்விலும் இரவிலும் வலி தொடர்ந்தாலோ, அது எலும்பின் நுண்விரிசலாக இருக்கக்கூடும் என்பதால், மெட்ரோனோமை எடுத்து வைத்துவிட்டு, ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.